'டேக்' என்ற ஒரு சொல்லுக்கு ஸ்பானிஷில் எத்தனை வினை? எதை எங்கே போடுவது?

ராதாபுரம்_காற்றாடி:

எல்லோருக்கும் வணக்கம். ராதாபுரம் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் வேலை பார்க்கிறேன். ஆனி, ஆடிக் காற்று பிடிக்கும் முன்னால் சர்வீஸ் வேலையெல்லாம் முடித்தாக வேண்டும். அந்த நேரத்தில் ஸ்பெயினிலிருந்து இன்ஜினியர்கள் வருவார்கள். எங்களிடம் இங்கிலீஷில் பேசுவார்கள், தங்களுக்குள் ஸ்பானிஷ்தான். கோபுரத்துக்கு மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று வயர்லெஸ்ஸில் பேசும்போது பாதி நமக்கும் புரிந்தால் நல்லது என்று படிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

பெயர்ச்சொல் ஓரளவு ஏறிவிட்டது. வினையில்தான் முட்டுகிறது. 'டேக்' என்று அகராதியில் போட்டால் தொமார், யெவார், சகார், கிதார், கொஹேர், தர்தார் என்று கொட்டுகிறது. எனக்கு வேண்டியது சாதாரண வாக்கியம்தான். போல்ட்டை எடு. கருவியை மேலே கொண்டு போ. போட்டோ எடு. இந்த வேலை இரண்டு மணி நேரம் எடுக்கும். இங்கிலீஷில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். ஸ்பானிஷில் ஒவ்வொன்றும் வேறா? மனப்பாடம் தவிர ஏதாவது வழி உண்டா?

பாளை_ஸ்பானிஷ்:

தம்பி, வழி இருக்கிறது. பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற எல்லோரிடமும் முதலில் சொல்வது, இங்கிலீஷ் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்பானிஷ் வினையைத் தேடாதீர்கள் என்பதுதான். முழு வாக்கியத்தையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். அதுவும் வீட்டில் ஆச்சி பேசுகிற தமிழில்.

'இரண்டு மணி நேரம் எடுக்கும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது இங்கிலீஷ் வழியாக வந்தது. ஆச்சியிடம் கேட்டால் 'ரெண்டு மணி நேரம் ஆகும்' என்பார்கள். அதே மாதிரி 'மாத்திரை எடுத்தியா' என்று கேட்க மாட்டார்கள், 'மாத்திரை போட்டியா' என்பார்கள். பஸ்ஸைப் 'பிடிப்பார்கள்'. செருப்பைக் 'கழற்றுவார்கள்'. பரீட்சையை 'எழுதுவார்கள்'. இங்கிலீஷ் ஒன்றாக அள்ளிக் கட்டியதை நம்ம ஊர்ப் பேச்சு ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. ஸ்பானிஷும் கிட்டத்தட்ட அதே இடங்களில்தான் பிரிகிறது. நேரம் ஆவதற்கு தர்தார். செருப்பு, சட்டையைக் கழற்ற கிதார்சே. பஸ் பிடிக்கவும் மாத்திரை போடவும் தொமார். பரீட்சை எழுதுவதற்கு 'டேக்' வகையறாவே வராது, அசேர் என்பார்கள். அது 'செய்' என்ற வினை.

அப்புறம் நம்ம 'எடு'. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பேங்கில் பணம் எடுக்கிறோம். பரீட்சையில் நல்ல மார்க் எடுக்கிறோம். டிக்கெட் எடுக்கிறோம். பாஸ்போர்ட் எடுக்கிறோம். லைசென்ஸ் எடுக்கிறோம். ஜெராக்ஸ் எடுக்கிறோம். ரத்தம் எடுக்கிறார்கள். போட்டோ எடுக்கிறோம். இத்தனைக்கும் ஸ்பானிஷில் ஒரே வினை, சகார். சகார் தினேரோ, சகார் புவேனாஸ் நோதாஸ், சகார் எல் பசபோர்தே, சகார் கோப்பியாஸ், சகார் சாங்ரே, சகார் உனா ஃபோதோ. இங்கிலீஷ்காரர் இதில் பாதிக்கு 'கெட்' என்பார், மீதிக்கு வேறு ஏதோ சொல்வார். அவர் பக்கம் பக்கமாக உருப்போட வேண்டிய பட்டியல் நமக்குக் கையில் இருக்கிறது.

ராதாபுரம்_காற்றாடி:

அக்கா, இது நான் எதிர்பார்க்காதது. அப்படியானால் போல்ட்டை எடு என்பதும் சகார்தானே?

பாளை_ஸ்பானிஷ்:

உள்ளே இருப்பதை வெளியே இழுப்பது சகார். துளைக்குள்ளிருந்து போல்ட்டை உருவினால் 'சாகா எல் பேர்னோ'. மேலே மாட்டியிருப்பதை, மூடியிருப்பதை அந்த இடத்திலிருந்து அகற்றுவது கிதார். மூடியைக் கழற்று என்றால் 'கீதா லா தாபா'. நீங்கள் 'எடு' என்பதா 'கழற்று' என்பதா என்று தமிழில் முடிவு செய்துவிட்டாலே பெரும்பாலும் சரியாக வந்துவிடும்.

டவுன்_மாணவி:

மன்னிக்கணும் அக்கா, எனக்கு இதில் உடன்பாடில்லை. ஸ்பானிஷ் மொழித் தகுதிச் சான்றிதழுக்கான தெலே பரீட்சைக்கு, அதில் ஏ2 என்ற தொடக்க நிலைக்குப் படிக்கிறேன். தமிழ் வழியாகப் போனால் 'டேக்' வேண்டுமானால் தெளியும். 'கேள்' என்ன ஆகும்? இங்கிலீஷில் 'ஆஸ்க்' ஒன்று, அதற்கு ஸ்பானிஷில் பிரெகுந்தார், பெதீர் என்று இரண்டு. தமிழில் பார்த்தால் காதால் கேட்பதும் 'கேள்'தான். இங்கிலீஷாவது காதைத் தனியாக வைத்திருக்கிறது. நம்ம மொழி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வைத்திருக்கிறதே. 'தெரியும்' இன்னும் மோசம்.

எடுத்துக்கொள்கிறோம், முடிவு எடுக்கிறோம், குறிப்பு எடுக்கிறோம், அளவு எடுக்கிறோம். இவை சகார் இல்லையே, தொமார் அல்லவா? தொமார் உனா தெசிசியோன், தொமார் அபூந்தேஸ், தொமார் மெதீதாஸ். தமிழை நம்பினால் இங்கே கால் வழுக்கும்.

அம்பை_அண்ணாச்சி:

நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பேத்தி ஸ்பானிஷ் படிக்கிறாள், அவளோடு உட்கார்ந்து நானும் படிக்கிறேன். மாணவியின் கேள்வி நியாயமானது. ஆனால் 'கேள்' என்ற வினையைத் தனியாகப் பார்த்தால்தான் அது ஒன்றாகத் தெரியும். அதற்கு முன்னால் என்ன வருகிறது என்று பாருங்கள்.

ஜங்ஷனில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்திருக்கிறோம் என்று வையுங்கள். 'சாம்பார் கேட்டேன்.' இது பெதீர். 'சாம்பார் இருக்கான்னு கேட்டேன்.' இது பிரெகுந்தார். முதலாவதற்குப் பதில் கிண்ணத்தில் வரும், இரண்டாவதற்குப் பதில் வாயில் வரும். 'விலை கேட்டேன்' பிரெகுந்தார், 'கடன் கேட்டேன்' பெதீர். கல்யாணத்துக்குப் 'பெண் கேட்டு வந்தாவ' என்கிறோமே, ஸ்பெயினிலும் பெண்ணின் கையைக் கேட்பார்கள், பெதீர் லா மானோ. 'உங்களை ஒருத்தர் கேட்டுட்டுப் போனார்' என்றால் பிரெகுந்தார் போர், அந்தப் 'போர்' ஒட்டு முக்கியம்.

காதுப் பக்கம் வந்தால், சத்தம் தானாக வந்து விழுவது ஒயீர், பாட்டை உட்கார்ந்து கேட்பது எஸ்குச்சார். இன்னும் ஒன்று பாக்கி. 'சொன்னா கேக்க மாட்டேங்கான்' என்று நம்ம ஊரில் தினமும் ஒரு தாய் சொல்கிறாளே, அதற்கு இவை எதுவும் ஆகாது. நோ மே அசே காசோ என்பார்கள். பேத்தி அந்த வாக்கியத்தைத்தான் முதலில் பாடம் பண்ணினாள்.

'தெரியும்' என்பதும் அப்படித்தான். அதற்கு முன்னால் வினை நின்றால் சபேர். நீந்தத் தெரியும், சமைக்கத் தெரியும், அவன் வந்தான்னு தெரியும். ஆளோ ஊரோ நின்றால் கொனொசேர். அவரைத் தெரியும், பாபநாசம் தெரியும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 'கொனோசெஸ் பாபநாசம்?' என்று ஒரு ஸ்பானிஷ்காரர் கேட்டால், போயிருக்கிறாயா என்று கேட்கிறார். பெயரைக் கேள்விப்பட்டிருந்தால் மட்டும் போதாது. 'தூரத்துல காற்றாடி தெரியுது' என்பது கண்ணுக்குத் தெரிவது, அதற்கு இரண்டுமே ஆகாது, பார்க்கிற வினைதான் வரும்.

டவுன்_மாணவி:

அண்ணாச்சி, சாம்பார் உதாரணம் நன்றாகப் பிடிபடுகிறது. ஆனால் நீங்கள் சொல்வது தமிழ் வழி இல்லையே. வினைக்கு முன்னால் நிற்கும் பொருளைப் பார் என்கிறீர்கள். அதை இங்கிலீஷ் வாக்கியத்திலும் பார்க்கலாமே?

அம்பை_அண்ணாச்சி:

பார்க்கலாம். பார்த்தால் அங்கேயும் பலன் உண்டு. ஆனால் நீங்கள் கோபப்படும்போதும் கொஞ்சும்போதும் எந்த மொழியில் பேசுகிறீர்கள்? பொருள் பேதம் தானாக நாக்கில் வருவது அந்த மொழியில்தான். இங்கிலீஷில் நாம் பெரும்பாலோர் அகராதி மூலம் படித்தவர்கள். ஒரு அகராதியை வைத்து இன்னொரு அகராதியைத் திறப்பது எதற்கு?

பாளை_ஸ்பானிஷ்:

மாணவி சொன்ன தொமார் விஷயத்துக்கு வருகிறேன், அது சரியான எச்சரிக்கை. முடிவு, குறிப்பு, அளவு எல்லாம் தொமார்தான். ஆகவே 'எடு' என்றதும் கண்ணை மூடிக்கொண்டு சகார் போடச் சொல்லவில்லை. ஒன்றுக்குள்ளிருந்து வெளியே வருகிறதா என்று பாருங்கள். கணக்கிலிருந்து பணம், உடம்பிலிருந்து ரத்தம், ஆபீசிலிருந்து பாஸ்போர்ட். முடிவும் குறிப்பும் நாம் நமக்குள் வாங்கிக்கொள்வது. காப்பி, மாத்திரை, வெயில் எல்லாம் அப்படித்தான், தொமார் எல் சோல் என்றால் வெயில் காய்வது. இந்தப் பிரிவு முழுக்க முழுக்கப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். போட்டோவுக்கு லத்தீன் அமெரிக்காவில் தொமாரும் தாராளமாக வரும், ஸ்பெயினில் அசேர் கூடச் சொல்வார்கள். ஆனால் தொடங்குகிறவருக்கு இது போதும்.

தமிழ் பிரிக்கிற எல்லாவற்றையும் ஸ்பானிஷ் பிரிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பையைக் 'கொண்டு போ', பிள்ளையைக் 'கூட்டிட்டுப் போ' என்று நாம் பொருளையும் ஆளையும் பிரிக்கிறோம். அவர்களுக்கு இரண்டும் யெவார். கண்ணாடி போட்டிருக்கிறார் என்பதற்கும் யெவார். 'ரெண்டு வருஷமா இங்கே இருக்கேன்' என்பதற்கும் யெவார்தான், 'யேவோ தோஸ் ஆஞோஸ் அகீ'.

மேலப்பாளையம்_நர்ஸ்:

என் வேலைக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன், வேறு நர்ஸ்களுக்கு உதவலாம். ரத்தம் எடுப்பது சகார், மேலே சொன்னது சரி. ஆனால் பிரஷர், பல்ஸ், காய்ச்சல் இவற்றை நாம் 'பார்க்கிறோம்', அவர்கள் தொமார் சொல்வார்கள். தொமார் லா தென்சியோன், தொமார் எல் புல்சோ. தையல் பிரிப்பது கிதார் லோஸ் பூந்தோஸ். பல் பிடுங்குவது சகார் உனா முவேலா.

நோயாளி சொல்வதைப் புரிந்துகொள்வதில் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. 'எனக்குத் தலை வலிக்குது' என்பதை அப்படியே 'மெ துவேலே லா கபேசா' என்கிறார்கள். எனக்கு என்றுதான் தொடங்குகிறது. பிடிக்கும் என்பதும் அப்படியே, மெ குஸ்தா. என்னோடு படிக்கும் வடக்கத்திப் பெண் ஒருத்தி இங்கிலீஷ் வழியாகப் போய் 'நான்' என்று ஆரம்பித்துத் தவிக்கிறாள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மாம்பழம் ஒன்றானாலும் பத்தானாலும் நமக்குப் 'பிடிக்கும்' தான், அவர்களுக்கு ஒன்றென்றால் குஸ்தா, பல என்றால் குஸ்தான். வலியும் அப்படியே, ஒரு கால் வலித்தால் துவேலே, இரண்டும் வலித்தால் துவேலென். பசிக்கு மட்டும் இந்த 'எனக்கு' ஆகாது. தெங்கோ ஆம்ப்ரே, பசி வைத்திருக்கிறேன் என்பதுபோல.

உவரி_மாலுமி:

கப்பலில் போகிறவன் நான். ஸ்பெயின் துறைமுகமும் பார்த்தாயிற்று, அந்தப் பக்கம் மெக்சிகோ, பெரு, அர்ஜெண்டினாவும் பார்த்தாயிற்று. யாரும் இன்னும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் கொஹேர் என்று ஒன்று இருக்கிறதே, ஸ்பெயினில் அது சாதாரணச் சொல், பஸ் பிடிக்கவும் கையில் எடுக்கவும் நாள் முழுக்கச் சொல்வார்கள். மெக்சிகோவிலும் அர்ஜெண்டினாவிலும் அது கெட்ட வார்த்தை. பெண்கள் இருக்கும் இடத்தில் வாயில் வரவே கூடாது. அங்கே தொமார் அல்லது அகர்ரார் சொல்லுங்கள். எந்த வினை என்பதோடு எந்த நாட்டுக்காரரிடம் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். தம்பியின் இன்ஜினியர்கள் ஸ்பெயின்காரர்கள் என்பதால் காதில் விழுந்தால் திடுக்கிட வேண்டாம். நீங்கள் பேசும்போது தொமார் போதும், அது எல்லா ஊரிலும் செல்லும்.

ஏக்கம் என்ற பொருளில் 'மிஸ்' கூட ஊருக்கு ஊர் மாறும். வீட்டு நினைப்பு வந்தால் ஸ்பெயினில் எச்சார் தெ மேனோஸ், அந்தப் பக்கம் எஸ்த்ரஞார். பஸ்ஸைத் தவறவிட்டால் பெர்தேர். தமிழில் யாரும் இந்த இரண்டையும் குழப்ப மாட்டோம், தேடுது என்போம், போயிட்டு என்போம். அந்த வகையில் பாளை அக்கா பக்கம்தான் நான்.

ஆனால் வா, போ விஷயத்தில் தமிழை நம்பவே நம்பாதீர்கள். கீழே எஞ்சின் ரூமில் இருக்கிறவனை மேலே பிரிட்ஜிலிருந்து ரேடியோவில் கூப்பிடுகிறார்கள். நாம் என்ன சொல்வோம்? 'இந்தா வாரேன்.' இங்கிலீஷ்காரனும் வருகிறேன் என்றுதான் சொல்வான். ஸ்பானிஷ்காரன் 'யா வோய்' என்பான். போகிறேன் என்று அர்த்தம். தான் நிற்கும் இடத்தை நோக்கி வந்தால்தான் அவர்களுக்கு 'வா', தான் அங்கிருந்து நகர்ந்தால் 'போ'. போனில் 'நாளைக்கு உங்க வீட்டுக்கு வாரேன்' என்பதையும் 'போகிறேன்' என்றுதான் சொல்வார்கள். போகும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிப் பழகிய நமக்கு இது நாக்கில் படியக் கொஞ்ச காலம் ஆகும். ஒரு சுலபம், அவர்கள் வாயில் அந்த 'வோய்' நம்ம 'போய்' மாதிரியே ஒலிக்கும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

டவுன்_மாணவி:

இதைத்தான் சொன்னேன். தமிழும் இங்கிலீஷும் ஒன்றாகச் சேர்ந்து ஏமாற்றுகிற இடம். 'வேலை செய்' கூட அப்படி. ஆள் வேலை செய்கிறான், ஃபேன் வேலை செய்யவில்லை. இரண்டு மொழியிலும் ஒரே சொல். ஸ்பானிஷில் ஆளுக்குத் திரபஹார், ஃபேனுக்கு ஃபுன்சியொனார்.

அதனால் என் வழி இது. வினையைத் தனியாக எழுதவே மாட்டேன். சகார் என்று எழுதாமல் 'சகார் தினேரோ' என்று எழுதுவேன். அகராதியில் முதலில் நிற்கும் வினையை எடுக்காமல், கீழே இருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படிப்பேன். பிறகு அந்த ஸ்பானிஷ் வினையைத் திருப்பிப் போட்டுத் தேடுவேன். திரும்பி வரும் பொருள்களில் நான் நினைத்தது இல்லை என்றால் அந்த வினையை விட்டுவிடுவேன். ஸ்பானிஷ் அகாதமியின் அகராதி இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. ஸ்பானிஷிலேயே விளக்கம் இருக்கும், கொஞ்சம் பழகினால் படிக்கலாம்.

பாளை_ஸ்பானிஷ்:

திருப்பித் தேடுவது அருமையான பழக்கம், என் மாணவர்களுக்கும் சொல்கிறேன். பொருளோடு சேர்த்து எழுதுவதும் சரி. அந்த நோட்டில் பக்கத்துப் பத்தியில் தமிழ் வாக்கியத்தையும் எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன். 'விடு' என்று ஒரு பக்கம் போட்டுப் பாருங்கள். 'குடையை பஸ்ஸில விட்டுட்டேன்', 'சிகரெட்டை விட்டுட்டார்', 'என்னைப் போக விடு', 'என்னை விடு'. நாலுக்கும் தெஹார். இங்கிலீஷில் நாலுக்கும் ஒரே வினை போதாது. 'கிளம்பு' என்பது அதில் சேராது, அது சலீர். இங்கிலீஷ்காரருக்கு இந்த இரண்டும் 'லீவ்' என்ற ஒரே சொல்லில் கிடந்து மல்லுக்கட்டும். நாம் யாரும் கிளம்புவதையும் விடுவதையும் மாற்றிச் சொல்ல மாட்டோம்.

ராதாபுரம்_காற்றாடி:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி எழுதிப் பார்த்தேன், சரிபார்த்துக் கொடுங்கள்.

மூடியைக் கழற்று: கீதா லா தாபா.
போல்ட்டை உருவு: சாகா எல் பேர்னோ.
போட்டோ எடு: சாகா உனா ஃபோதோ.
இரண்டு மணி நேரம் ஆகும்: தார்தா தோஸ் ஓராஸ்.
மோட்டார் ஓடவில்லை: எல் மொதோர் நோ ஃபுன்சியோனா.
ஸ்பேனரை மேலே கொண்டு போ: யேவா லா யாவே அர்ரீபா.

ஸ்பேனருக்கு யாவே என்று ஆப்பில் இருந்தது. சாவிக்கும் அதே சொல் காட்டுகிறது. சரிதானா?

உவரி_மாலுமி:

சரிதான். சாவி, ஸ்பேனர், தண்ணிக் குழாயைத் திறக்கும் திருகு எல்லாம் யாவே. நம்ம 'சாவி' போர்த்துகீசிய 'சாவே'யிலிருந்து வந்தது, யாவேயும் சாவேயும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். மேசையும் அப்படி வந்ததுதான், ஸ்பானிஷிலும் அது மேசா. நம்ம கடற்கரையில் போர்த்துகீசியர் நடமாடிய காலத்துச் சொற்கள்.

பாளை_ஸ்பானிஷ்:

ஆறும் புரியும். கடைசி ஒன்றை மட்டும் மாற்றலாம். யேவா அர்ரீபா தப்பில்லை, ஆனால் கோபுர வேலையில் அவர்கள் வாயில் முதலில் வருவது சுபீர்.

நமக்கு 'ஏறு' வேறு, 'ஏற்று' வேறு. அவர்களுக்கு இரண்டும் சுபீர். இறங்கு, இறக்கு இரண்டும் பஹார். எதை ஏற்றுவது என்று சொல்லாவிட்டால் ஆள் ஏறுவதாக அர்த்தம். 'சூபெ' என்றால் நீ ஏறி வா. 'சூபெ லா யாவே' என்றால் ஸ்பேனரை ஏற்று. ஸ்பேனர் பேச்சில் ஏற்கெனவே வந்துவிட்டால் சுருக்கி 'சூபெலா' என்பார்கள். மேலே இருப்பவர் தனக்குக் கொண்டு வரச் சொன்னால் 'சூபெமெ லா யாவே'. வயர்லெஸ்ஸில் காற்றுச் சத்தத்தோடு கேட்கும்போது அந்த 'லா'வும் 'மெ'யும் விழுங்கிப் போகும். கயிற்றில் கட்டிச் சாமானை அனுப்பச் சொல்கிறாரா, உங்களையே ஏறி வரச் சொல்கிறாரா என்று சந்தேகம் இருந்தால், ஏணியில் கால் வைக்கும் முன் திருப்பிக் கேட்டுவிடுங்கள். 'சூபோ யோ ஓ சூபோ லா யாவே?' நான் ஏறவா, ஸ்பேனரை ஏற்றவா?

ராதாபுரம்_காற்றாடி:

அக்கா, திருப்பிக் கேட்பது என்றால் அது பிரெகுந்தார். ஸ்பேனர் கேட்பது பெதீர். சரியா?

அம்பை_அண்ணாச்சி:

சரிதான் தம்பி. அடுத்து 'பிடி' என்று ஒரு வினை இருக்கிறது. பஸ் பிடி, மீன் பிடி, காய்ச்சல் பிடிச்சிருக்கு, எனக்குப் பிடிக்கும். அதற்குத் தனி இழை ஒன்று திறங்கள், பேத்தியையும் கூட்டி வருகிறேன்.